வழுக்காத இல்லம்

வட ஆற்காடு தோல் தொழிலாளர் மருத்துவ நல வாரியத்தின் விதிப்படி, ஒரு பெண்ணுக்கு மண்டை உடைந்தால் அவளாக வந்து கட்டுப் போட்டுக்கொள்ள முடியாது. மண்டை அவளுடையதுதான், அதில் வாரியத்துக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் அட்டை அவள் கணவனுடையது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன் அவன், ஆகவே அவன் ‘அட்டைதாரர்’. அவள் ‘சார்ந்தோர்’. சார்ந்தோருக்குக் காயம் பட்டால் அட்டைதாரர் அட்டையோடு வர வேண்டும். காயம் எப்படி ஏற்பட்டது என்பதை அவரே சொல்ல வேண்டும். கையெழுத்தும் அவரே போட வேண்டும். சார்ந்தோர் கூட வந்து ரத்தம் விட்டால் போதும்.

இந்த விதியை எழுதியவர் எந்த மகானுபாவரோ தெரியாது. ஆம்பூர் கிளை மருந்தகத்தில் அதை நடத்திக்கொண்டிருந்தவர் டாக்டர் ராஜகோபால். நல்ல மனிதர். ஊசி போடும்போது நோயாளி மூடுவதற்கு முன்னால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். சுபாவமே அப்படி. யாரோடும் சண்டை கூடாது, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரக் கூடாது, காலாகாலத்தில் சத்துவாச்சாரித் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் வர வேண்டும். இவ்வளவுதான் அவர் கடவுளிடம் கேட்டுக்கொண்டது.

1976-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிருஷ்ணராஜ் என்கிற அட்டைதாரர் தன் சார்ந்தோரான பூரணியைக் கூட்டிக்கொண்டு வந்தான். கல்யாணமாகி எட்டு மாதம். புருவத்துக்கு மேலே நீளமாகக் கிழிந்திருந்தது.

“எப்படி ஆச்சு?” என்று டாக்டர் படிவத்தை எடுத்தார்.

“நான்தான் சார் அடிச்சேன், சொம்பால,” என்றான் கிருஷ்ணராஜ். சொந்த ஊர் எது என்று கேட்டால் சொல்வானே, அந்த மாதிரிதான் சொன்னான். “கொழம்புல உப்பு ஜாஸ்தி.”

டாக்டருக்கு வியர்த்துவிட்டது. படிவத்தில் காரணங்கள் பதினான்கு அச்சிட்டிருந்தார்கள். பதினோராவது, ‘பிறரால் தாக்கப்படல்’. அதில் குறி போட்டால் மூன்று பிரதி எழுத வேண்டும், போலீசுக்கு ஒன்று போக வேண்டும், கேஸ் ஆனால் வாணியம்பாடி கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க வேண்டும். அதற்கெல்லாம் மேலாக, ‘மருத்துவர் ஏன் பதினொன்றில் குறியிட்டார்?’ என்று சத்துவாச்சாரியிலிருந்து கடிதம் வரும். நான்காவது காரணம், ‘வழுக்கி விழுதல்’. அதற்கு ஒரு குறி, ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது.

“அப்படி எழுதினா உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார்,” என்றார் டாக்டர், மெதுவாக. “வழுக்கி விழுந்தாங்கன்னு போட்டுக்கலாமா?”

“எங்க வழுக்கி?”

“வீட்லதான்.”

“எங்க வீட்ல வழுக்காதே சார். மண்தரையாச்சே.”

“அட, எழுதறதுக்குத்தாம்ப்பா.”

கிருஷ்ணராஜ் கொஞ்சம் யோசித்தான். உண்மையைச் சொன்ன தன்னைவிடப் படித்தவருக்கு அதிகம் தெரிந்திருக்கும் என்று அவனுக்குப் பட்டது. “போட்டுக்குங்க சார், உங்க இஷ்டம்,” என்று கையெழுத்துப் போட்டான். பூரணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய ஒரு கண் நர்ஸ் அன்னம்மாளின் பஞ்சுக்கு அடியில் இருந்தது. இன்னொரு கண்ணால் டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு டாக்டர் ராஜகோபாலுக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தது அந்த வெட்கம். பூரணி இரண்டாம் முறை வந்தபோது மத்தியானம் வரை இருந்தது. மூன்றாம் முறை, டீ வருகிற வரைக்கும்.

டாக்டர் தங்கமானவர் என்று ஊரில் பேர் பரவிவிட்டது. அதன் பிறகு எந்த அட்டைதாரரும் உண்மை பேசி அவரைச் சங்கடப்படுத்தவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “வழுக்கினு உழுந்துட்டா சார்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஹலீமா பீயின் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாறுதலுக்கு, “படிக்கட்ல உருண்டுட்டா சார்” என்றார்.

“மாடியே இல்லாத வீட்ல படிக்கட்டு எங்க சார் இருக்குது?” என்று கேட்டாள் அன்னம்மாள். அவள் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவள்.

“சிஸ்டர், கட்டுப் போடுங்க,” என்றார் டாக்டர்.

இப்படியே மூன்று வருடம் ஓடிற்று. அப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் வாரியத்துக்குப் புள்ளிவிவரம் என்று ஒரு பிரிவு இருந்தது. 1979-ல் அது திடீரென்று கண் விழித்துவிட்டது. ஆம்பூர் கிளையில் பெண்கள் மட்டும் ஏன் இப்படி விழுந்துகொண்டே இருக்கிறார்கள்? சுண்ணாம்புக் குழி ஓரத்தில், ஈரத் தோல் மேல் நாள் முழுக்க நடக்கிற ஆண்கள் விழவில்லை. வீட்டில் இருக்கிற பெண்கள் விழுகிறார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மருந்தகத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். ஆகவே, விழுவது சனிக்கிழமை.

வாரியத்தின் இயக்குநர் டாக்டர் சுப்பராயன் நேரில் வந்துவிட்டார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா. பதிவேட்டை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ராஜகோபால், சனிக்கிழமை என்ன விசேஷம்?”

டாக்டர் ராஜகோபாலுக்குத் தெரியும். சனிக்கிழமை தோல் ஷாப்புகளில் கூலி நாள். கூலி நாளில் சாராயம். இதை ஊரில் நாய்க்குட்டிகூடச் சொல்லும். வாய் திறந்தார். மூன்று வருடக் கையெழுத்து முன்னால் கிடந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“நான் சொல்றேன்,” என்றார் இயக்குநர். “ஆண்கள் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாள்! எண்ணெய் தரையில சிந்துது. பின்னாடியே பெண் போறா. வழுக்குது. இத்தனை வருஷமா யாருக்குமே தோணலையே!”

“சார், ஹலீமா பீ வீட்ல சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கறது இல்லையே,” என்று அன்னம்மாள் இழுத்தாள்.

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். “பக்கத்து வீட்ல தேய்ச்சுக்குவாங்க இல்லையாம்மா? எண்ணெய்க்கு மதம் ஏது?”

அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. அட்டைதாரர்கள் இனி புதன்கிழமைகளில் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அதைக் கிளை மருத்துவர் கண்காணிக்க வேண்டும். டாக்டர் ராஜகோபால், எம்.பி.பி.எஸ்., புதன்கிழமைதோறும் காலையில் தெருத் தெருவாகப் போய்த் தொழிலாளிகளின் தலையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். கிருஷ்ணராஜ் குனிந்து தலையைக் காட்டி, “நல்லெண்ணெய் சார், தொட்டுப் பாருங்க,” என்றான். உள்ளே பூரணி உதட்டில் தையலோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அந்தத் தையல் போட்டதும் அவர்தான். தலையை முகர்ந்துவிட்டு, ‘திருப்தி’ என்று எழுதிக்கொண்டு வெளியே வந்தார். அவர் தன்மீதே காறித் துப்பிக்கொள்ளாததற்குக் காரணம், தெருவில் ஆட்கள் இருந்ததுதான்.

புதன்கிழமை எல்லாரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். பெண்கள் சனிக்கிழமைதான் விழுந்தார்கள்.

அப்போதாவது இயக்குநர் சோர்ந்திருக்கலாம். சோர்வதற்கா அவர் இயக்குநர் ஆனார்? தரையிலேயே கோளாறு என்று முடிவு கட்டி, பொறியாளர் இஷ்தியாக் அகமதுவை ரசமட்டத்தோடு அனுப்பினார். அந்த மனிதர் நாற்பத்திரண்டு வீடுகளில் மண்டி போட்டு உட்கார்ந்து தரையை அளந்தார். பூரணி வீட்டில் சாணம் மெழுகிய தரையைக் கையால் தேய்த்துப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு வழுக்கப் பார்த்தார், ஓடி வந்தும் பார்த்தார். முடியவில்லை. மருந்தகத்துக்குத் திரும்பி வந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“டாக்டர் சாப், இந்தத் தரையில ஆட்டுக்குட்டிகூட வழுக்காது. நான் எத்தனையோ கட்டடம் பாத்தவன். அந்த வீடுங்கள்ல பிரச்சினை தரையில இல்ல.” கொஞ்ச நேரம் டாக்டரின் முகத்தையே பார்த்தார். “உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்.”

டாக்டர் மேசை மேல் இருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து மறுபடியும் மேசை மேலேயே வைத்தார்.

பொறியாளரின் அறிக்கையில் ‘தரையில் குறையில்லை’ என்ற வரியை இயக்குநர் படித்துப் பேரானந்தம் அடைந்தார். தரையில் குறை இல்லை என்றால் பெண்களின் நடையில்தான் குறை. புடவையின் நீளம், கொலுசின் எடை, குனிந்து நிமிரும் வேகம் எல்லாம் ஆராயப்பட்டன. ‘வட ஆற்காடு தோல் தொழிலாளர் குடும்பப் பெண்களின் வழுக்கல் இயல்பு’ என்று ஒரு புத்தகமே போட்டார்கள். ஆசிரியர், டாக்டர் ராஜகோபால். அவர் எழுதியது பதிவேடு மட்டும்தான். மற்றதை எல்லாம் சத்துவாச்சாரியில் சேர்த்துக்கொண்டார்கள். பதினான்காம் பக்கத்தில் பூரணியின் படம். ‘ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை: பழக்கமான வழுக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு’ என்று கீழே போட்டிருந்தது. புத்தகம் எல்லா அரசு அலுவலகங்களுக்கும் இலவசமாகப் போயிற்று.

1981-ல் வழுக்கல் தடுப்பு வாரம். திங்கட்கிழமை வீட்டுக்கு ஒரு தேங்காய் நார்ப் பாய் கொடுத்தார்கள். சனிக்கிழமை நிறைவு விழா. ஒரு தோல் ஷாப்பின் முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். மல்லிகை மாலை வாசனையும் ஊறப்போட்ட தோல் வாசனையும் கலந்து மேடையில் இருந்தவர்களை மூக்கில் கை வைக்கச் செய்தது. இயக்குநர் மட்டும் வைக்கவில்லை, இரண்டு கையையும் வீசிப் பேசுகிறவர் அவர்.

“மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது,” என்று ஆரம்பித்தார். “குடும்பங்களில் பெண்கள் அடிபடுவதைத் தடுக்க உங்கள் மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். நான் பெருமையோடு பதில் எழுதினேன். எங்கள் ஆம்பூர் கிளையில் ஐந்து ஆண்டுகளில் ஒரு பெண்கூட அடிபடவில்லை! விழுந்திருக்கிறார்கள். விழுவது வேறு. மற்ற இடங்களில் டாக்டர்கள் காயத்தைப் பார்த்துவிட்டு ‘யார்?’ என்று கேட்கிறார்கள். அதனால்தான் அங்கே குற்றம் பெருகுகிறது. நம் டாக்டர் ராஜகோபால் ‘எங்கே?’ என்று மட்டும்தான் கேட்பார். குடும்பத்தின் மானம் அவர் பேனாவில் இருக்கிறது!”

பலத்த கைதட்டல். பெண்கள் பக்கத்தில் ஒரு கை மட்டும் தட்டவில்லை. அது மாவுக்கட்டில் இருந்த ஹலீமா பீயின் கை.

அதற்குப் பிறகு ‘வழுக்காத இல்லம்’ பரிசு. விழுதல் எண்ணிக்கை கடைசி மூன்று மாதத்தில் நான்கிலிருந்து ஒன்றாகக் குறைந்த வீடு கிருஷ்ணராஜுடையது. குறைந்ததற்குக் காரணம், அவன் இரண்டு மாதம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான். பரிசு வாங்கியவன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். மைக்கைப் பிடித்தான்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. எல்லாம் டாக்டர் சார் சொல்லிக் குடுத்ததுதான். மொதல்ல எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியாது, உள்ளத உள்ளபடி சொல்லிட்டேன். அவருதான் ‘அப்படிச் சொல்லாத, இப்படிச் சொல்லு’ன்னு வழி காட்டினாரு. இன்னிக்கி நான் இங்க நிக்கறேன்னா அவராலதான்.”

ஜனங்கள் மறுபடியும் தட்டினார்கள். டாக்டருக்கு மாலை போட்டார்கள். மாலையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தவருக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து நின்று ‘பொய்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று தோன்றியது. ஒரு சொல்தானே, அடுத்த முறை சொல்லலாம் என்றும் தோன்றியது.

விழா முடிந்து இறங்கும்போது பூரணி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பேசாமல் போக முடியாமல், “பாய் வந்துதாம்மா? எப்படி இருக்கு?” என்று கேட்டுவைத்தார்.

“நல்லா இருக்குது சார்,” என்றாள் அவள். கேலி ஒன்றும் இல்லை குரலில். “விழுந்தா கம்மியாத்தான் வலிக்குது.”

இந்தத் தடவை வெட்கம் டீயோடு போகவில்லை. வாரம் போயிற்று, மாதம் போயிற்று, அது போகவில்லை. கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதை விட்டுவிட்டு முடிதிருத்தகத்துக்குப் போக ஆரம்பித்தார். இதற்கிடையில், துணை இயக்குநராகப் பதவி உயர்வு, தை மாதம் முதல் சத்துவாச்சாரியில் பணி என்று தகவலும் வந்துவிட்டது. வேண்டிக்கொண்டது எல்லாம் கிடைத்துவிட்டது.

1982 மார்கழியில் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பூரணி தனியாக வந்தாள். இடது முன்கை ஒடிந்து தொங்கிற்று. வலது கையில் மகளும், மகளின் கையில் வாரியத்தின் அட்டையும்.

“அட்டைதாரர் எங்க?” என்று பழக்கத்தில் கேட்டார் டாக்டர்.

“ஷாப்புக்குப் போய்ட்டாரு. சட்டைப் பாக்கெட்லேர்ந்து எடுத்துக்கினு வந்துட்டேன்.” மூச்சு வாங்கிற்று அவளுக்கு. “சார், இன்னிக்கி ஒரு நாள் நெஜத்த எழுதுங்க சார். குடியாத்தத்துல எங்கண்ணன் தறி வெச்சிருக்கான். வந்து ஒரு தறில உக்காருன்றான். போன தடவ போனப்போ இவரு நாலு ஆளோட வந்து இழுத்துக்கினு வந்துட்டாரு. ஸ்டேஷன்ல கேஸு இருந்தா வரமாட்டாரு, கேஸ் போட்டுட்டு வா, இல்லாட்டி வராதன்னுட்டான் அண்ணன். ஸ்டேஷன்ல டாக்டர் சீட்டு கேக்கறாங்க. ரெண்டு மணி பஸ்ஸு சார். அஞ்சு மணிக்கு இவரு ஷிப்டு முடிஞ்சி வந்துடுவாரு.”

அன்னம்மாள் படிவத்தை எடுத்து டாக்டர் முன்னால் வைத்து, பேனா மூடியையும் கழற்றிக் கொடுத்தாள்.

டாக்டர் ராஜகோபால் பதினொன்றில் குறி போட்டார். குறி அழுத்தமாகவே விழுந்தது. ‘கணவரால் விறகுக் கட்டையால் தாக்கப்பட்டு’ என்று எழுதினார். மாவுக்கட்டுப் போட்டார். அதோடு நிற்காமல், “வாம்மா, நானும் வர்றேன்,” என்று வெள்ளைக் கோட்டோடு ஜட்கா வண்டியில் ஏறினார். ஆறு வருடத்தில் அவருக்கு மூச்சு லேசாக வந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் சுந்தரமூர்த்தி மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார், குழந்தைக்குப் பிஸ்கட் வரவழைத்தார், சீட்டை இரண்டு தரம் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். வழவழப்பான அட்டை.

“உங்க புத்தகம்தான் சார். எங்களுக்கும் ஒண்ணு அனுப்பி வெச்சாங்க. பதினாலாம் பக்கம், இந்தம்மாதானே?”

டாக்டர் பார்த்தார். பார்க்காமலே தெரியும்.

“ஒன்பது தடவ வழுக்கி விழுந்தாங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பழக்கமான வழுக்கல்னு ஆராய்ச்சியே பண்ணியிருக்கீங்க. இந்தத் தடவ மட்டும் அடிச்சிட்டான்னா, கோர்ட்ல அவன் வக்கீல் இன்னா கேப்பான்? ‘டாக்டர், அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?’”

“அப்ப சொன்னதுதான் பொய்,” என்றார் டாக்டர் ராஜகோபால். சத்தமாகவே சொல்லிவிட்டார். பூரணி நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்லது சார். கேஸ் நிக்கும்.” சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். “அதையே ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஒன்பது தடவையும் தெரிஞ்சே தப்பாப் பதிஞ்சேன்னு. வாரியத்துக்கு ஒரு காப்பி நான் அனுப்பியாகணும், அது ரூல். இப்பவே அவனத் தூக்கிடறேன்.”

வாரியத்துக்கு ஒரு காப்பி.

தாள் வெள்ளையாக இருந்தது. பேனா கையில் இருந்தது. டாக்டர் தை மாதத்தை நினைத்தார். சத்துவாச்சாரியில் பார்த்துவைத்த வீட்டை நினைத்தார், மனைவி அங்கே ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துக்கொண்டு வந்ததை நினைத்தார். இயக்குநரின் முகத்தையும் நினைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை ஆகியிருந்தது. எழுதினால் இரண்டு வரி. எழுத வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பேனா இறங்கவில்லை.

“ஒரு நாள்… ஒரு நாள் அவகாசம் குடுங்க சார்,” என்றார். “யோசிச்சு, நல்லபடியா எழுதிக் கொண்டாந்து தர்றேன். நாளைக்கு.”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார்,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர், பூரணியைப் பார்த்துக்கொண்டே.

பூரணி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். முதல் நாள் அவர் பேனாவைப் பார்த்த கண் இல்லை இது, காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்க்கிற கண். அவருக்கு நாளை என்று ஒன்று இருக்கிறது, தனக்கு அஞ்சு மணி வரைதான் என்று கணக்குப் பண்ண அவளுக்கு வெகு நேரம் ஆகவில்லை.

“வேணாம் சார்,” என்றாள் சப்-இன்ஸ்பெக்டரிடம். “நான் வழுக்கித்தான் விழுந்தேன்னு எழுதிக்குங்க.”

“ஏம்மா?”

“அந்தச் சீட்டும் உங்ககிட்ட இருக்க வேணாம், கிழிச்சிடுங்க. பாவம், டாக்டருக்கும் புள்ளகுட்டி இருக்குது. என்னால ஒரு மனுஷன் வேல போவக் கூடாது.” டாக்டரின் பக்கம் திரும்பி, “நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க சார். நீங்க நல்லவரு,” என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். வீட்டில் கால் வழுக்கி விழுந்ததாகவும், யார்மீதும் புகார் இல்லை என்றும், ஐந்து வரி. பூரணி வலது கையால் கையெழுத்துப் போட்டாள். அவசரமாக மகளைத் தூக்கிக்கொண்டு, அட்டையை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே இறங்கினாள். ஷிப்டு முடிவதற்குள் அதைச் சட்டைப் பாக்கெட்டில் திரும்ப வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு இருந்தது வலது பக்கம். அவள் இடது பக்கம் திரும்பினாள்.

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும் சார்,” என்று சப்-இன்ஸ்பெக்டர் தாளை நீட்டினார்.

டாக்டர் ராஜகோபால் போட்டுக் கொடுத்தார். அதற்கு அவர் அவகாசம் கேட்கவில்லை.